சாகாத சாட்சிகள்

ஆறு வருடமாக ஓர் ஊரின் தண்ணீர் ஒரு நாள்கூட நிறுத்தப்படவில்லை என்றால், அந்த ஊரில் யாரோ ஓர் அயோக்கியர் இருக்கிறார் என்று அர்த்தம். ஏந்தல்பேட்டைக்குப் பேருந்து ஏறும்போது எனக்கு இதில் துளியும் ஐயம் இல்லை. அவர் யார் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

என் பெயர் வேதரத்தினம். நீர்ச்சாட்சித் துறையில் ஆய்வாளர். சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டுக்குப் போனாலும் அந்தப் புத்தி போவதில்லை. பால் பாக்கெட்டை நான் முகர்ந்து பார்த்த பிறகுதான் அடுப்பு பற்றும் என்று என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

கருவிகளை நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஏரியிலும் குழாயிலும் அளவுமானிகளைப் பொருத்திவிட்டு, திரையில் ஓடும் எண்களைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினோம். அந்த எண்களை யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது ஒருநாள் வெளியே வந்தது. அதற்குள் பல ஊர்களில் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு வந்ததுதான் உயிர்ச்சாட்சிச் சட்டம். குடிநீர் விஷயத்தில் இனி எந்தக் கருவியின் பேச்சும் செல்லாது. ஓர் உயிர் அந்தத் தண்ணீரில் இருந்து காட்ட வேண்டும்.

அந்த உயிராகச் சட்டம் தேர்ந்தெடுத்தது நீர்த்தெள்ளு என்ற பூச்சியை. ரவை அளவுதான் இருக்கும். உடம்பு கண்ணாடி. உருப்பெருக்கியில் பார்த்தால் இதயம் அடித்துக்கொள்வது அப்படியே தெரியும். தண்ணீரில் ஈயமோ செம்போ காட்மியமோ கொஞ்சம் கூடினாலும், மீனுக்கு உறைப்பதற்கு வெகு முன்பே இது துவண்டு அடியில் படுத்துவிடும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு சாட்சி நிலையம், அதில் தெள்ளு வளர்க்க ஒரு தாய்த்தொட்டி. தினமும் காலை பத்து மணிக்கு, பிறந்து ஒரு நாள் ஆகாத இருபது குஞ்சுகளை ஊர்த் தண்ணீரில் விடுவார்கள். மறுநாள் பத்து மணிக்குக் கேமரா எண்ணும். பத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால் ஊரின் தலைவால்வு தானாக மூடிக்கொள்ளும், சங்கு ஊதும். பட்டறைகளைப் பூட்டிவிட்டு ஊரே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்.

இப்படி ஒரு ஊரின் பிழைப்பு ரவை அளவு பூச்சியின் கையில் இருந்தால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? சோதனைத் தண்ணீரை மாற்றி வைத்தவர்களைப் பிடித்திருக்கிறேன். செத்த தெள்ளுகளை மின்விசிறிக் காற்றில் ஆடவிட்டுக் கேமராவின் காதில் பூ சுற்றிய ஒருவரையும் பிடித்திருக்கிறேன். அவருடைய மூளையை மட்டும் இன்றுவரை மெச்சுகிறேன்.

ஏந்தல்பேட்டைக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு மேற்கே பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் பட்டறைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றின் கழிவு எங்கே போகும் என்று சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. ஆனாலும் வால்வு ஒருமுறைகூட மூடவில்லை. துறையில் இதை முன்மாதிரி நிலையம் என்று வேறு கொண்டாடிக்கொண்டிருந்தோம். நான்கு வருடமாக இதன் காகிதங்களைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நேரில் வந்தது இதுவே முதல்முறை. இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எழுதிய ஒரு பக்கப் புகார்தான் என்னை இழுத்து வந்தது.

நிலையத்தில் ஒரே ஒரு ஊழியர். அப்பாண்டராஜ் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, வெளுத்த சட்டை, தோளில் நான்காக மடித்த ஒரு காடாத்துணி. சைக்கிளில் வந்து இறங்கி, என்னைப் பார்த்ததும் பதறாமல் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். பதறாத ஊழியரைப் பார்த்தால் எனக்கு மூக்கு வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். நிலையத்தில் ஊர்க்குழாய் இருக்கிறது. அவரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பிலிருந்துதான் குடித்தார். ஊர்த் தண்ணீர் நல்லது என்று தினமும் சான்று கொடுக்கிறவர் ஊர்த் தண்ணீரைத் தொடுவதில்லை. சரி, ஆள் சிக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவரை எதையும் தொட விடவில்லை. தெருக்குழாயில் நானே தண்ணீர் பிடித்தேன். கேமராவின் முத்திரையை உடைத்துப் பார்த்து, திரும்ப என் முத்திரையை வைத்தேன். தெள்ளுகளை உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அசல் நீர்த்தெள்ளுதான், வேறு இனம் எதுவும் இல்லை. இருபதை எண்ணி விட்டதும் நான்தான்.

பிற்பகல் அந்த நர்ஸ் வந்தார். பெயர் இலக்கியா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இவரையும் நான் சந்தேகத்தோடுதான் உட்காரச் சொன்னேன். நஷ்டஈடு கேட்டுப் புகார் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்தவன். அவர் நஷ்டஈடு என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஏழு வயது மகள் இதழினிக்குச் சிறுநீரகம் கசிகிறது என்றார். சிறுநீரில் காட்மியம். எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, தண்ணீருக்குச் சாட்சி இருக்கிறது, தண்ணீராக இருக்க முடியாது என்று எல்லா அலுவலகத்திலும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவருடைய கணவர் லோகேஷ். அவர் பேட்டரிப் பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் உடுப்பில் ஒட்டி வரும் தூசிதான் பிள்ளையைக் கெடுக்கிறது என்று டாக்டர் சொன்னார், இவருடைய தாய் வீட்டிலும் சொன்னார்கள், கடைசியில் இவரும் நம்பினார். கணவரை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். இப்போது பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

"அவரு போயி எட்டு மாசம் ஆகுது சார்," என்றார் இலக்கியா. "அவரு துணிதான் காரணம்னா இந்நேரம் அளவு எறங்கி இருக்கணும். போன வாரம் டெஸ்ட் எடுத்தேன். ஏறிக்கினு போகுது. நான் யாரை சார் வீட்டை விட்டுத் தொரத்தினேன்?"

அவர் கொடுத்த பழைய, புதிய பரிசோதனை அறிக்கைகள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். போலி அறிக்கையாக இருக்குமோ என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மறுநாள் பத்து மணி. கேமரா எண்ணியது. இருபதும் உயிரோடு இருந்தன. இருபதும் துள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீரைப் பிடித்தது நான், குஞ்சுகளை எண்ணி விட்டது நான், முத்திரை என்னுடையது. எனக்கே அல்வா கொடுத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அப்பாண்டராஜ், கேட்காமலே, தெருமுனைக் கடையில் டீ நன்றாக இருக்கும், போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்றார். என் தொழிலில் இதைவிட நல்ல சேதி கிடைக்காது. போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்க ஜன்னலுக்கு வந்து நின்றேன்.

சோதனை முடிந்ததும் உயிரோடு இருக்கும் தெள்ளுகளை ஸ்பிரிட் குப்பியில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒருமுறை நஞ்சைப் பார்த்த சாட்சியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. அப்பாண்டராஜ் குப்பியின் பக்கமே போகவில்லை. ஒரு கிண்ணத்தின் மேல் தோள்துணியை விரித்தார். சோதனைக் குவளையை மெதுவாக அதில் சாய்த்தார். துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உள்ளறைக்குப் போனார். தாய்த்தொட்டியின் மேல் துணியைத் தலைகீழாகப் பிடித்து, தொட்டித் தண்ணீரையே அள்ளி ஊற்றி அலசினார். இருபதும் தாய்த்தொட்டிக்குள் போய்விட்டன.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் செய்கிற எதையும் அவர் செய்யவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து என்றார். யார் சொல்லிச் செய்கிறீர்கள், எந்தப் பட்டறைக்காரர் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"யாரும் சொல்லல சார். நாங்க நயினாருங்க. எங்க வூட்ல அப்டித்தான்."

அந்தப் பக்கத்து மலைகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சமணக் குடும்பம் அவருடையது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். வடிகட்டிய பிறகு அந்தத் துணியை என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அதை அவர் சொன்னார்.

"துணியில தங்கின உசுருங்கள மண்ணுல ஒதறக் கூடாது சார். எந்தக் கெணத்துல மொண்டமோ அந்தக் கெணத்துலயே அலசி வுட்ரணும். வேற தண்ணியில வுட்டா செத்துப் பூடும். இங்க வந்து முதல் நாளு, இருபதுல பதினாறு பொழச்சிருந்துச்சு. ஒரு நாள் பூரா அந்தத் தண்ணியில கெடந்து தப்பிச்சிருக்குது. அத்தப் போயி ஸ்பிரிட்ல போட எனக்குக் கை வரல. தொட்டியிலயே வுட்டுட்டேன். ரிஜிஸ்டர்ல மட்டும் அழிக்கப்பட்டதுன்னு எழுதுவேன். அது ஒண்ணுதான் சார் நான் எழுதுன பொய்."

பதிவேட்டைப் புரட்டினேன். ஆறு வருடம், ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய குண்டுக் கையெழுத்தில் அந்த ஒரே சொல். ஸ்பிரிட் குப்பியை எடுத்துத் திறக்கப் பார்த்தேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லஞ்சத்தைத் தேடி வந்தவனுக்கு ஜீவகாருண்யம் கிடைத்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மாலைப் பேருந்தைப் பிடிக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

பதிவேட்டை மூடப்போகும்போதுதான் முதல் பக்கம் கண்ணில் பட்டது. முதல் மாதங்களில் தினமும் நான்கு, ஐந்து தெள்ளுகள் செத்திருந்தன. அடுத்த வருடம் இரண்டு, மூன்று. பிறகு ஒன்று. கடைசி இரண்டு வருடமாக ஒன்றுமே சாகவில்லை. அதே வருடங்களில்தான் ஏரிக்கு மேற்கே பட்டறைகள் பத்திலிருந்து முப்பது ஆயின. என் சிரிப்பு நின்றுவிட்டது.

நச்சுச் சோதனைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். சாட்சிக்கு இன்னும் சாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக மாதம் ஒருமுறை, அளவு தெரிந்த நஞ்சைத் தெள்ளுகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். பாதித் தெள்ளுகள் சாக எவ்வளவு நஞ்சு தேவைப்பட்டது என்று எழுத வேண்டும். கடந்த பன்னிரண்டு மாதச் சராசரியை ஒட்டி இருந்தால் போதும், தெள்ளு சரி. ஒவ்வொரு மாதமும் சராசரியை ஒட்டித்தான் இருந்தது. நான் நான்கு வருடமாகக் கையெழுத்துப் போட்டதும் அதனால்தான். ஆனால் அந்தச் சராசரியே ஒவ்வொரு மாதமும் ஒரு மயிரிழை மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதல் மாதத்தையும் போன மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏழு மடங்கு. அப்படி வைத்துப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் ஒருவன்.

அப்பாண்டராஜை எதிரில் உட்கார வைத்தேன்.

"இருபது குஞ்சு விடறீங்க. நஞ்சு தாங்காதது செத்துப் போகுது. தாங்கினது தப்பிக்குது. தப்பிச்சதை மட்டும் தொட்டியில விடறீங்க. அது குஞ்சு பொரிக்குது. தெள்ளுக்கு ஆண் துணைகூட வேண்டாம், தாய் எப்படியோ அப்படியே பிள்ளை. அந்தப் பிள்ளையிலயும் தாங்கறதை மட்டும் திரும்ப விடறீங்க. ஆறு வருஷம்னா நூத்தைம்பது தலைமுறை இருக்கும். இப்ப உங்க தொட்டியில இருக்கறது எதையும் தாங்கும். தண்ணி நல்லா இருக்குன்னு அதுங்க சொல்லல. எங்களால முடியுதுன்னு சொல்லுதுங்க. அவ்ளோதான்."

அவர் தொட்டி இருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது தன் வேலையைப் பற்றி அல்ல.

"அப்ப அந்த நர்ஸம்மாவோட பாப்பா?"

அவர் செம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் இருந்ததும் ஊர்க்குழாய்த் தண்ணீர்தானாம். வீட்டில் துணியில் வடிகட்டிக் கொண்டுவருகிறார், அவ்வளவுதான். ஆறு வருடமாக அவரும் அதையே குடிக்கிறார், அவர் மனைவியும் குடிக்கிறார். காட்மியம் எந்தத் துணியிலும் தங்காது. அந்தச் செம்பை வைத்து நேற்று நான் கட்டிய கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது.

சந்தேகம் வேறு, சாட்சி வேறு. நான் என்ன கணக்குப் போட்டாலும் சட்டத்தின் முன் பேச வேண்டியது ஓர் உயிர். இந்த நஞ்சைப் பார்த்தே இராத தெள்ளு வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று சொன்னதும் அவர்தான். அவர்கள் கோயில் இருக்கும் குன்றின் உச்சியில், பாறைக்குழியில் ஒரு சுனை. வானத்துத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அதில் இறங்குவதில்லை. பிற்பகலில் தனியாக ஏறிப்போய், சினைப்பட்ட தெள்ளுகளையும் ஒரு குடம் சுனைத் தண்ணீரையும் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். மறுநாள் காலைக்குள் அவை குஞ்சு பொரித்திருந்தன.

பத்து மணிக்கு உறிஞ்சுகுழலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொடுங்கள், நான் விடுகிறேன் என்று கை நீட்டினேன்.

"வேணாம் சார்," என்றார். "இத்தினி வருஷமா பொழைக்கும்னு நெனச்சு வுட்டேன். இன்னைக்கு சாவும்னு தெரிஞ்சு வுடணும். தெரிஞ்சவன்தான் வுடணும்."

இருபதையும் ஒவ்வொன்றாக ஊர்த் தண்ணீரில் விட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் பத்தைச் சுனைத் தண்ணீரிலேயே விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அன்று முழுக்க நான் யாரையும் சந்தேகப்படவில்லை, சந்தேகப்பட ஆள் மிச்சமில்லை.

மறுநாள் கேமரா எண்ணி முடிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சுனைத் தண்ணீரில் பத்தும் ஆடிக்கொண்டிருந்தன. ஊர்த் தண்ணீரில் பதினேழு தெள்ளுகள் அசையாமல் அடியில் கிடந்தன. மிச்சம் மூன்று துவண்டு துவண்டு எழுந்து விழுந்தன. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு ஏந்தல்பேட்டையின் தலைவால்வு மூடியது. ஆறு வருடத்தில் முதன்முறையாகச் சங்கு ஊதியது. அது என்ன சத்தம் என்றே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தண்ணீர்தானா என்று மட்டும் கேட்டார். தண்ணீர்தான் என்றேன். இலக்கியா அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் தெனமும் காய்ச்சிக் குடுத்தேன் சார். கிருமி எதுவும் போயிடக் கூடாதுன்னு பாதியா வத்தற வரைக்கும் காய்ச்சுவேன்."

தண்ணீர் பாதியாக வற்றினால் உலோகம் வற்றாது, இரட்டிப்பாகும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். எடுத்தவரிடம் வணக்கமோ நலமோ சொல்லவில்லை. "தண்ணிதாங்க. உங்க துணி இல்லைங்க," என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியாது, இவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொன்றரைக்குச் சென்னையிலிருந்து என் மேலதிகாரி அழைத்தார். மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன், அப்பாண்டராஜும் கேட்கட்டும் என்று. மேலதிகாரி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. குன்றிலிருந்து அள்ளி வந்த பூச்சிகள் பதிவு பெற்ற சாட்சிகள் அல்ல, ஆகவே இந்தச் சோதனை செல்லாது என்றார். இன்று மூன்று மணிக்குள் பதிவு பெற்ற தாய்த்தொட்டியிலிருந்து இருபதை எடுத்துக் கேமராவின் கீழ் வைத்துவிட்டு வால்வைத் திறக்க வேண்டும். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுதுவது மாதிரி நிதானமாகச் சொன்னேன்.

பிறகு அவர், இரண்டு வருடத்துக்கு முன் ஏந்தல்பேட்டைத் தெள்ளுகளை உறுதியான முன்மாதிரிக் கூட்டம் என்று பரிந்துரைத்தது யார், நினைவிருக்கிறதா என்று கேட்டார். நான்தான். அந்தப் பரிந்துரையின்பேரில் இந்தத் தொட்டியிலிருந்து பதினேழு ஊர்களுக்குத் தெள்ளு போயிருக்கிறது. இங்கே சாட்சி பொய் என்றால் பதினேழு ஊரிலும் பொய். அதை எழுத்தில் கொடுக்கத் தயாரா என்றார். தயார் என்றேன். "அவசரப்படாதீங்க வேதரத்தினம், ஒரு குழு போட்டுப் பார்ப்போம்," என்று சொல்லி வைத்துவிட்டார். எங்கள் துறையில் குழு என்றால் ஆறு மாதம். ஆறு மாதம் அந்தப் பெண்குழந்தை எதைக் குடிக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் போனில் கேட்கத் துணியவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல.

வாசற்படியில் இலக்கியா எழுந்து நின்றிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. வால்வு திறந்தால் தண்ணீர் மறுபடி நல்ல தண்ணீர் ஆகிவிடும். லோகேஷின் துணி மறுபடி விஷமாகிவிடும்.

அப்பாண்டராஜ் என்னிடம் ஒன்று கேட்டார். நிலையத்தில் தெள்ளே இல்லாமல் போனால் சட்டம் என்ன சொல்கிறது? நான் யோசிக்காமல் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒன்பதாவது பிரிவு. உயிர்ச்சாட்சி இல்லாத ஊரில் தலைவால்வைத் திறக்கக் கூடாது. வெளிமாநிலத்திலிருந்து புதுத் தெள்ளுக் கூட்டம் வந்து சேரும்வரை, அதற்கு மூன்று வாரம் ஆகும், லாரித் தண்ணீர்தான். வருகிற கூட்டம் இந்த ஊர்த் தண்ணீரைப் பார்த்திராத கூட்டம்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் அதற்குள் உள்ளறைக்குப் போய்விட்டிருந்தார். நான் தடுத்திருக்கலாம். நாலே எட்டு வைத்தால் போதும். நான் வைக்கவில்லை.

தொட்டியின் வடிகால் திருகைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாக வெளியே போய்ப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் பரவியது. உச்சி வெயில். தோளில் துணி இருந்தது, அதை அவர் தொடவில்லை. வடிகாலின் ஓசை நிற்கும்வரை தொட்டியைப் பிடித்தபடி நின்றார். அடியில் தேங்கியதைக் கையாலேயே தள்ளிவிட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய், ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். ஓர் எறும்பை ஊதி நகர்த்திவிட்டுக் காலை வைக்கிற மனிதர் அவர். லட்சக்கணக்கில் இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே வந்து இழப்பு அறிக்கைப் படிவத்தை எடுத்தேன். அவருக்கு வேலை போகும், வழக்கும் வரும். காப்பாற்றுகிற நினைப்பில், பழுதான திருகு தவறுதலாகத் திறந்துகொண்டதால் என்று எழுத ஆரம்பித்தேன். இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அவர் பின்னால் வந்து நின்று படித்தார்.

"அப்டி எழுதாதீங்க சார். ஆறு வருஷமா அழிக்காதத அழிச்சேன்னு எழுதினேன். இன்னைக்கு அழிச்சிருக்கேன். அப்டியே எழுதுங்க."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அழித்தவர் அப்பாண்டராஜ், நிலைய உதவியாளர். அனுமதித்தவர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாசலில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. இலக்கியா பட்டறைப் பக்கம் திரும்பினார்.

பதினேழு ஊர்களின் பெயரும் என்னிடம் இருக்கிறதா என்று அப்பாண்டராஜ் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நீங்கள் எதற்கு, அந்தந்த ஊருக்கு நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பட்டது போதும் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"எல்லாம் என் தொட்டிப் பிள்ளைங்க சார். நான்தான் வரணும்."